நெஸ் ஏரியில் இறங்கிய வெலிங்டன்: வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே ப்ரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லாரும் கான்கார்டைப் பார்க்கத்தான் வருவார்கள். திரும்பும்போது காரில் அவர்கள் பேசிக்கொண்டு வருவது இன்னொரு விமானத்தைப் பற்றி: ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்கு அடியிலிருந்து எடுத்துவந்து வைத்திருக்கிற, பாதி எலும்புக்கூடாக நிற்கிற ஒரு பழைய குண்டுவீச்சு விமானம். கேள்விகளும் ஏறத்தாழ அதே கேள்விகள்தான். மாமா கேட்டதையே மச்சான் கேட்பார், மச்சான் கேட்டதையே அவர் பெண் கேட்பாள். ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் அடுத்த தடவை அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

இது என்ன விமானம்? எதுக்கு இதை மட்டும் இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க?

விக்கர்ஸ் கம்பெனி செய்த வெலிங்டன் ரகக் குண்டுவீச்சு விமானம். இரட்டை இன்ஜின். எண் என்2980, அழைப்புப் பெயர் 'ஆர் ஃபார் ராபர்ட்'. 1939 நவம்பரில் இதே ப்ரூக்லேண்ட்ஸில் கட்டி, இங்கிருந்தே முதல் தடவை பறந்தது.

வெலிங்டன்கள் மொத்தம் 11,400க்கும் மேல் செய்தார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. இன்னொன்று பிரிட்டிஷ் விமானப்படையின் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. போர் முடியும் காலத்தில் கட்டப்பட்டு, பிறகு பயிற்சிக்கு மாற்றப்பட்டது. போரில் குண்டு சுமந்துபோன வெலிங்டன் என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது இது ஒன்றுதான். பொத்தி வைக்காமல் என்ன செய்வார்கள்?

வெலிங்டன்னா நம்ம ஊட்டி பக்கத்துல இருக்கே, அந்த வெலிங்டனா?

பெயர் ஒரே ஆளிடமிருந்து வந்ததுதான். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. நீலகிரியில் இருக்கும் ராணுவக் குடியிருப்புக்கும் அவர் பெயர், இந்த விமானத்துக்கும் அவர் பெயர். அதைத் தாண்டி இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இது பயிற்சிக்குப் போய் விழுந்ததாமே? அப்போ சண்டையே பார்க்காத விமானமா?

நன்றாகவே பார்த்தது. 1939 டிசம்பர் 18 அன்று, ஜெர்மன் கடற்படைக் கப்பல்களைத் தேடி வட கடலில் இருக்கும் ஹெலிகோலாண்ட் தீவுப் பக்கம் 24 வெலிங்டன்கள் பட்டப்பகலில் கிளம்பின. இரண்டு வழியிலேயே திரும்பிவிட்டன. மிச்சம் 22. ஜெர்மன் போர் விமானங்கள் பிடித்துக்கொண்டதில் 12 போய்விட்டன. தப்பித்து வந்த பத்தில் ஒன்று இந்த ஆர் ஃபார் ராபர்ட். அப்போது இதற்கு வயது ஒரு மாதம்.

அந்த ஒரு நாள் பிரிட்டிஷ் விமானப்படையின் நினைப்பையே மாற்றிவிட்டது. துணைக்குப் போர் விமானம் இல்லாமல், ஒட்டி ஒட்டிப் பறந்து ஒருவருக்கொருவர் துப்பாக்கியால் காத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்கள். அது நடக்காது என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் இரவுத் தாக்குதல் என்று ஆனது.

1940 இலையுதிர் காலத்தில் இதைவிட நல்ல ரகங்கள் வந்துவிட்டன. அதனால் இதை ஸ்காட்லாந்தின் வடகரையில் லாஸிமத் தளத்தில் இருந்த 20ஆம் எண் செயல்பாட்டுப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் ரூட்டில் ஓடித் தேய்ந்த பஸ்ஸை டிரைவிங் பழகக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பிரிவுன்னா ஓட்டவே கத்துக்கொடுக்குற இடமா?

இல்லை. அங்கே வருகிறவர்கள் ஓட்டவோ, வழி பார்க்கவோ, ரேடியோ இயக்கவோ, சுடவோ தனித்தனியாகக் கற்று முடித்தவர்கள். அவர்களை ஒரே விமானத்தில் ஏற்றி, ஒரு குழுவாக வேலை செய்யப் பழக்குகிற இடம் இது. இங்கிருந்து அடுத்த நிறுத்தம் ஜெர்மனிதான். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பல தாக்குதல்களுக்குப் போய்வந்தவர்கள்.

அன்னிக்கு என்னதான் நடந்தது?

1940 டிசம்பர் 31. வழி கண்டுபிடித்துப் போய்வரும் பயிற்சி. விமானத்தில் எட்டுப் பேர். தலைமை விமானி ஸ்குவாட்ரன் லீடர் மார்வுட்-எல்ட்டன், துணை விமானி ஸ்லாட்டர், மற்ற ஆறு பேரும் பயிற்சிக்கு வந்தவர்கள்.

நெஸ் ஏரிக்குத் தெற்கே மோனலியா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேல் 8,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது கடுமையான பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டார்கள். வலப்பக்க இன்ஜின் நின்றுபோனது. உயரம் இறங்க ஆரம்பித்தது. கீழே மலை இருக்கிறது, எவ்வளவு கீழே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாரும் பாராசூட்டில் குதியுங்கள் என்று மார்வுட்-எல்ட்டன் உத்தரவிட்டார். ஆறு பேர் குதித்தார்கள்.

அவர்கள் போன பிறகுதான் மேகத்தில் ஒரு இடைவெளி. அதன் வழியாக நீளமாக ஒரு தண்ணீர்ப் பரப்பு தெரிந்தது. நெஸ் ஏரி! அகலம் குறைவு என்றாலும் 36 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டதுபோல நேராகக் கிடக்கும் ஏரி அது. தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று முடிவுசெய்து, அர்க்கர்ட் கோட்டைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். விமானம் உடனே மூழ்கவில்லை. இரண்டு விமானிகளும் இறக்கை மேல் ஏறி, காற்றடைத்து விரியும் ரப்பர் படகை எடுத்து அதில் ஏறிக்கொண்டார்கள். ராபர்ட் அவர்கள் கண்முன்னால் தண்ணீருக்குள் போனது. கரையேறி, ரோட்டில் வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார்கள்.

அப்போ எல்லாரும் பிழைச்சுட்டாங்க, அப்படித்தானே?

இல்லை. கதையை எல்லாரும் இப்படியே கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு உறுத்தல். குதித்த ஆறு பேரில் ஐந்து பேர் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவர் இறந்தார். சார்ஜென்ட் ஜான் ஸ்டான்லி ஃபென்சம், வாலில் உட்கார்ந்திருந்த துப்பாக்கி வீரர். வயது 20. அவருடைய பாராசூட் ஒழுங்காக விரியவில்லை.

'ஏரி விமானம்', 'அதிர்ஷ்ட விமானம்' என்றெல்லாம் சொல்வார்கள். அடுத்த நாள் புத்தாண்டு. ஒரு வீட்டுக்குத் தந்தி போயிருக்கும். அந்த வீட்டில் யார் இதை அதிர்ஷ்ட விமானம் என்று சொல்லியிருப்பார்கள்?

வால்ல உட்கார்ந்தவர்னா? அங்கே ஆள் உட்கார இடம் இருக்கா என்ன?

இருக்கிறது, ஆனால் உட்கார மட்டும்தான். விமானத்தின் கடைக்கோடியில், இடமும் வலமும் திரும்பக்கூடிய ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி. வீரர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள். இன்டர்காமில் கேட்கும் குரல் மட்டும்தான் துணை. குளிரோ எலும்பைத் துளைக்கும்.

பாராசூட் விஷயத்தை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் குழுவினர் பயன்படுத்திய ரகத்தில், உடம்பில் வார் மட்டும் மாட்டியிருப்பார்கள். பாராசூட் மூட்டை தனி. தலையணை அளவு இருக்கும். ஆபத்து என்றால் எடுத்து நெஞ்சில் இருக்கும் இரண்டு கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வால் கூண்டில் அந்த மூட்டை வைக்கக்கூட இடம் கிடையாது. முதுகுக்குப் பின்னால், கூண்டுக் கதவுக்கு அந்தப் பக்கம், விமானத்தின் உடலில் வைத்திருப்பார்கள்.

ஆகவே 'குதி' என்று குரல் வந்ததும் வால் வீரர் செய்ய வேண்டியது: கூண்டை நேராகத் திருப்பு, முதுகுப்பக்கக் கதவைத் திற, கையை நீட்டி மூட்டையை எடு, கொக்கியில் மாட்டு. பிறகு விமானத்துக்குள் ஊர்ந்து வந்து வாசலுக்குப் போகலாம், அல்லது கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி முதுகுப்பக்கமாக வெளியே விழலாம். இதெல்லாம் கனமான உடுப்போடு, கையுறையோடு, இருட்டில், ஆடுகிற விமானத்தில். வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சீட் பெல்ட் மாட்டத் திணறுகிற ஆள் நான். படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது.

ஒரு இன்ஜின் போனா இன்னொண்ணுல ஓட்டலாமே? இப்போ பிளைட்லாம் அப்படித்தானே வருது?

இன்றைய விமானம் ஒரு இன்ஜினில் மணிக்கணக்கில் பறக்கும்படி திட்டமிட்டே கட்டப்படுகிறது. 1940இல் அந்த வசதி கிடையாது. நின்றுபோன இன்ஜினின் விசிறி இலைகளைக் காற்றை வெட்டாதபடி விளிம்புவாட்டில் திருப்பி நிறுத்திவிட்டால் இழுப்பு குறையும். ஆரம்பகால வெலிங்டன்களில் அப்படி நிறுத்த முடியாது. விசிறி காற்றில் சும்மா சுற்றிக்கொண்டே, பிரேக் போட்டதுபோல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். நிற்கிற இன்ஜின் உதவாமல் இருந்தாலும் பரவாயில்லை, உபத்திரவம் வேறு.

பனிப்பொழிவில் இறக்கை மேல் ஐஸ் படிந்தால் எடை கூடும், இறக்கையின் வடிவமும் கெடும். மிச்சமிருக்கும் ஒரு இன்ஜினுக்கு ஆயிரம் குதிரைத்திறன் இருந்தாலும் உயரத்தைப் பிடித்துவைப்பது பெரும்பாடு. கீழே சமவெளி இருந்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே தளத்தைத் தேடலாம். இங்கே இருந்தது மலை.

அந்த மாதிரி குளிர்ல, மலை மேல, கத்துக்குட்டிகளை எதுக்கு அனுப்பணும்? வேற நாள் கிடைக்கலையா?

இந்தக் கேள்வியை என் அத்தை கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் ஸ்காட்லாந்தின் வடக்கே நல்ல வானிலைக்காகக் காத்திருந்தால் மார்ச் வரை காத்திருக்கலாம். 1940 டிசம்பரில் பிரிட்டன் இருந்த நிலை அப்படி இல்லை. லண்டன் மேல் இரவு இரவாகக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பதிலுக்கு அனுப்பக் குழுக்கள் வேண்டும்.

இன்னொன்று, ஜெர்மனிக்கு மேலேயும் மேகம் இருக்கும், பனி இருக்கும், இருட்டு இருக்கும். அதைப் பழகத்தான் பயிற்சி. பழைய விமானம், அனுபவமில்லாத குழு, மோசமான வானிலை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே எடுத்த முடிவு. சரியா தவறா என்று அத்தையிடம் வாதாட நான் தயாராக இல்லை.

ஏன் உடம்பெல்லாம் கூடை பின்னின மாதிரி இருக்கு?

எனக்குப் பிடித்த கேள்வி. ஏனென்றால் கூடைதான் சரியான உவமை. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் கொண்டுவந்த முறை. அலுமினியக் கலப்பு உலோகத்தில் மெல்லிய பட்டைகளைச் செய்து, ஒன்று வலமாகச் சாய்ந்தும் இன்னொன்று இடமாகச் சாய்ந்தும் போகும்படி, குறுக்கும் நெடுக்கும் பின்னி உடலையே கட்டிவிடுவது. வைரம் வைரமாகக் கட்டம் விழும். நார்க்கட்டிலில் நாடா பின்னியிருக்கிறதே, அதை உருட்டிக் குழாயாக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

நாடா ஒன்று அறுந்தால் கட்டில் இடிந்து விழுவதில்லை, பாரத்தைப் பக்கத்து நாடாக்கள் எடுத்துக்கொள்ளும். இதுவும் அப்படியே. பீரங்கிக் குண்டு துளைத்து, ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டையோடு வீடு திரும்பிய வெலிங்டன்களின் படங்கள் இருக்கின்றன. 45 வருஷம் ஏரியடியில் கிடந்த பிறகும் இதன் உடல் உருக்குலைந்து போகாததற்கு இந்தப் பின்னலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மேலே தகடு எங்கே? கழட்டிட்டாங்களா?

தகடே கிடையாது. பின்னலுக்கு மேல் லினன் துணி போர்த்தி, அது தோல் மாதிரி விறைப்பாக இழுத்து நிற்பதற்கு ஒரு பூச்சு பூசுவார்கள். துணி போர்த்திய விமானத்தில் ஜெர்மனி வரை போனார்களா என்று வாயைப் பிளக்காதவர்கள் கிடையாது. போனார்கள். அருங்காட்சியகத்தில் பெரும்பகுதியைத் துணி போர்த்தாமல் விட்டிருப்பதால்தான் உங்களுக்கு எலும்புக்கூடு தெரிகிறது. அதுவே நல்லது, போர்த்தியிருந்தால் முந்தைய கேள்வியே வந்திருக்காது.

ஏரியில பூதம் தேடினவங்க இதைக் கண்டுபிடிச்சாங்களாம். நிஜமாவா?

நிஜம். பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் கேள்வி என்பதால் விவரமாகவே சொல்கிறேன். நெஸ் ஏரியில் நீளக் கழுத்துள்ள ஏதோ ஒரு பிராணி இருப்பதாக 1930களில் இருந்தே பேச்சு. 1976இல் ஓர் அமெரிக்கக் குழு அதைத் தேடி வந்தது. அதில் மார்ட்டின் க்ளைன் என்ற சோனார் நிபுணர் இருந்தார். சோனார் என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடித்தரையைப் படம் பிடிக்கும் கருவி. இந்த ஏரிக்குக் கண்ணைவிடக் காதுதான் உதவும், ஏனென்றால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து கரைந்து வரும் கறுப்பால் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் கீழே போனாலே கும்மிருட்டு.

அந்தப் படத்தில் பூதம் கிடைக்கவில்லை. இறக்கையோடு ஒரு விமானம் கிடைத்தது. பிறகு எடின்பரோவில் உள்ள ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தார் நீருக்குள் கேமரா அனுப்பிப் பார்த்து வெலிங்டன்தான் என்று உறுதி செய்தார்கள்.

45 வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தா துருப்பிடிச்சு ஒண்ணுமில்லாம போயிருக்காதா?

கடலாக இருந்தால் போயிருக்கும். இது நன்னீர், உப்பு இல்லை. 70 மீட்டர் ஆழத்தில் வருஷம் முழுக்க ஏறத்தாழ 5, 6 டிகிரி குளிர். வெயில் எட்டாது, அலை எட்டாது. உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, இரும்பு போலத் துருப்பிடிப்பதில்லை. மொத்தத்தில் ஃபிரிட்ஜில் வைத்த மாதிரிதான்.

பழுதே இல்லை என்று அர்த்தமில்லை. மூக்குப் பகுதி நன்றாக அடிபட்டிருந்தது. இன்று நீங்கள் பார்ப்பதில் புதிதாகச் செய்து சேர்த்த பாகங்களும் இருக்கின்றன.

பின்ன எப்படி மேலே எடுத்தாங்க? அப்படியே கயிறு கட்டியா?

கயிறு கட்டி இழுத்திருந்தால் பிய்ந்து கையோடு வந்திருக்கும். ஹெரியட்-வாட்டைச் சேர்ந்த ராபின் ஹோம்ஸ் முன்னின்று 1985 செப்டம்பரில் இந்த வேலையைச் செய்தார். விமானத்துக்கு மேல் ஒரு இரும்புச் சட்டத்தை இறக்கி, அதிலிருந்து பட்டைகளால் விமானத்தைத் தாங்கி, ஒரே சீராக மேலே கொண்டுவருவது திட்டம். முதல் முயற்சியில் அந்தச் சட்டமே தாங்காமல் போனது. சரிசெய்து மறுபடி முயன்று, செப்டம்பர் 21 அன்று ராபர்ட்டைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தார்கள்.

பிறகு பிரித்து, லாரியில் ஏற்றி, பிறந்த வீடான ப்ரூக்லேண்ட்ஸுக்கே கொண்டுவந்தார்கள். அங்கே தொண்டர்கள் வருஷக்கணக்கில் பட்டை பட்டையாகச் சுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குழுவினர் விட்டுப்போன சொந்தப் பொருள்கள் பலவும் உள்ளேயே இருந்தன.

லைட் எரிஞ்சுதுன்னு அங்கே இருந்தவர் சொன்னாரே, சும்மா கதை விடறாரா?

கதை இல்லை. வெளியே எடுத்த பிறகு வால் விளக்கை ஒரு புது பேட்டரியோடு இணைத்துப் பார்த்தார்கள், எரிந்தது. 45 வருஷம் தண்ணீரில் கிடந்த பல்பு. எங்கள் வீட்டு மாடிப்படி பல்பு ஆறு மாசம் தாங்குவதில்லை.

ஒன்று யோசியுங்கள். அந்த விளக்கு இருந்தது வாலில். அதற்குக் கையெட்டும் தூரத்தில்தான் ஃபென்சம் உட்கார்ந்திருந்தார்.

அந்த விமானிகள் அப்புறம் என்ன ஆனாங்க?

பயிற்சி முடிந்தவர்கள் எல்லாரையும் போலப் போருக்குத் திரும்பினார்கள், போர் முடிய இன்னும் நாலரை வருஷம் இருந்தது. மார்வுட்-எல்ட்டன் பிறகு குரூப் கேப்டன் ஆனார். 1944இல் ஜெர்மனிக்கு மேல் அவர் போன விமானம் வீழ்ந்தது. இந்த முறையும் உயிர் பிழைத்தார், போர்க் கைதியாக.

இப்படிப் பயிற்சியிலேயே செத்தவங்க ரொம்பப் பேரா?

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் போரின்போது இறந்தவர்கள் 55,573 பேர். அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் கண்ணிலேயே படாமல், பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் மலைகளில் நடக்கப் போகிறவர்கள் இன்றும் அலுமினியத் துண்டுகளைப் பார்க்கிறார்கள்.

இரண்டை மட்டும் சொல்கிறேன். 1941 ஏப்ரலில், லாஸிமத்துக்குப் பக்கத்துத் தளமான கின்லாஸிலிருந்து பயிற்சிக்குப் போன ஓர் ஆன்ஸன் விமானம் வடக்கே பென் மோர் அசின்ட் என்ற மலையில் பனிப்புயலில் மோதியது. ஆறு பேர். உடல்களைக் கீழே கொண்டுவர வழியில்லாமல் மலை மேலேயே புதைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். 2013இல் ஹெலிகாப்டரில் கிரானைட் கல் ஒன்றைத் தூக்கிப்போய் வைத்தார்கள்.

இன்னொன்று யார்க்‌ஷயரில், பக்டன் பைக் மலையில், 1942 ஜனவரி கடைசியில். அதுவும் வெலிங்டன், அதுவும் பயிற்சி, அதுவும் பனிப்புயல். ஆறு பேரும் போலந்துக்காரர்கள். உயிரோடு மீண்டது வால் வீரர் ஜோ ஃபுஸ்னியாக் மட்டும். கணுக்கால் உடைந்த நிலையில், பனியில் ஒரு நரியின் காலடித் தடத்தைப் பார்த்தார். இந்தக் குளிரில் நரி தீனி தேடி ஊர்ப்பக்கம்தான் போகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தடத்தைப் பிடித்தே இறங்கி க்ரே என்ற சிற்றூரை அடைந்துவிட்டார். பின்னாளில் அங்கே அவர் எழுப்பிய நினைவுச் சிலுவையின் அடியில் வெண்கலத்தில் ஒரு நரித் தலை இருக்கிறது. அந்த விபத்தில் வால் கூண்டு ஒருவரைக் காப்பாற்றியது. நெஸ் ஏரிக்கு மேலே அது நடக்கவில்லை.

எதிரி சுட்டுச் சாகலையே. அப்போ போர்ல செத்ததாக் கணக்குல எடுப்பாங்களா?

எடுப்பார்கள். பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளின் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் விதி எளிமையானது: 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் படைப்பணியில் இருந்தபடி இறந்திருந்தால் போதும். பெர்லினுக்கு மேலே சுடப்பட்டவருக்கும் பயிற்சியில் விழுந்தவருக்கும் ஒரே மாதிரிக் கல். கல்லில் எப்படி இறந்தார் என்று எழுதும் வழக்கம் இல்லை. இதைக் கேட்ட என் மாமா ராணுவத்தில் இருந்தவர். 'அது சரி' என்று மட்டும் சொன்னார்.

கடைசில பத்திரமாத்தானே இறக்கினார்? குதிக்கச் சொல்லாம இருந்திருந்தா அந்தப் பையன் பிழைச்சிருப்பானே?

கார் வீட்டை நெருங்கும்போது வரும் கேள்வி இது. நேராகச் சொன்னால், ஆமாம், பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அன்று விமானத்தோடு இறங்கிய இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் குதிக்கச் சொன்ன நொடியில் மார்வுட்-எல்ட்டனுக்கு ஏரி தெரியாது. மேகத்தில் இடைவெளி வரும் என்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு இன்ஜின் போய்விட்டது, உயரம் இறங்குகிறது, கீழே மலை. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாராசூட் விரியும் அளவுக்கு உயரம் மிச்சம் இருக்காது. பென் மோர் அசின்ட்டில் என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். மேகம் விலகாமல் இருந்திருந்தால் மோனலியாவில் மோதி இரண்டு விமானிகளும் இறந்தார்கள், குதித்த ஐந்து பேர் மட்டும் பிழைத்தார்கள் என்றுதான் கணக்கு முடிந்திருக்கும். அந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் இறக்குவதும் ஒன்றும் உத்தரவாதம் கிடையாது, அப்படி இறங்கி உடைந்து மூழ்கிய வெலிங்டன்கள் நிறைய.

இதை இப்படி விளக்கியதும் மச்சானின் பெண், பன்னிரண்டு வயது, பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "சரி மாமா, ஆனா அவருக்கு ஏரி தெரிஞ்சப்போ, குதிச்சவங்க எல்லாம் இன்னும் காத்துலதான் இருந்திருப்பாங்களா?" என்னிடம் பதில் இல்லை. சிக்னல் விழுந்தது, வண்டியை எடுத்தேன்.